கொசஸ்தலை ஆற்றின் கடைசி நீளம்: இரண்டு கரை ஊர்களும் சேர்ந்து வேலை செய்ய எங்கே தொடங்குவது?

புதுநகர்_வடக்கு கேட்டது:

வணக்கம். வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழே எண்ணூர் முகத்துவாரம் வரைக்குமான கொசஸ்தலை ஆற்றுக்காக மூன்று தரப்பு ஒன்றாக உட்கார்ந்து பேச ஆரம்பித்திருக்கிறோம். மணலி புதுநகர், இடையன்சாவடி பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஒன்று. முகத்துவாரத்தை ஒட்டிய மீனவ கிராமங்கள் ஒன்று. நாப்பாளையம், வெள்ளிவாயல் பக்கம் கிணற்றுப் பாசனம் வைத்திருப்பவர்கள் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நம்பி எண்ணக்கூடியவர்கள் 40 பேர்.

ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறது. குடியிருப்புக்காரர்கள் ஒரே நாளில் 5,000 அலையாத்திக் கன்று நடலாம் என்கிறார்கள். மீனவர்கள் முதலில் முகத்துவார மண்ணை எடுக்கச் சொல்கிறார்கள். விவசாயிகளுக்குக் கிணற்றில் உப்பு ஏறுவதை நிறுத்த வேண்டும். மூன்றும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு இந்த 40 பேரை வைத்து எதை முதலில் எடுப்பது? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? சங்கமாகப் பதிவு செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமா?

கழிக்கரை எழுதியது:

மூணு பேரும் கேக்கறது ஒரே விஷயந்தான். ஏத்தவத்தம். கடல் தண்ணி முகத்துவாரத்துல நொழைஞ்சு, ஆத்துலயும் பக்கிங்காம் கால்வாய்லயும் ரெண்டு பக்கமும் ஏறி, திரும்ப வத்தணும். வாய்ல மண்திட்டு விழுந்தா உள்ள ஏறுற தண்ணி கொறையும், எறா குஞ்சு உள்ள வராது. அதே திட்டுதான் மழைக்காலத்துல வெள்ளத்தையும் மறிக்குது. கொசஸ்தலைத் தண்ணியும் புழல் உபரியும் சடையங்குப்பம் பக்கம் வந்து சேர்ற நேரத்துல வாய் அடைச்சிருந்தா, தண்ணி புதுநகருக்குள்ள நிக்காம எங்க போகும்? இதைக் குடியிருப்புக்காரங்க புரிஞ்சிக்கிட்டாலே பாதி சண்டை தீர்ந்துடும்.

ஆனா மண்ணை எடுக்கணும்னு கேக்கறதுக்கு முன்னாடி, எங்க எவ்வளவு மண்ணுன்னு காகிதத்துல இருக்கணும். சும்மா "ஆறு தூர்ந்து போச்சு"ன்னு மனு குடுத்தா ஆபீசுல அது கட்டோட கட்டா போயிடும். மொதல் வேலையா ஆழம் அளங்க. மிஷின் எதுவும் தேவையில்ல.

5 மீட்டர் நீளத்துல அலுமினியக் குழாய் இல்ல நேரான மூங்கில் ஒண்ணு. 10 செ.மீ.க்கு ஒரு கோடு, ஒவ்வொரு மீட்டருக்கும் வேற நெறத்துல பெயிண்ட். அடில 15 செ.மீ. அகல வட்டத் தகடு, கழட்டி மாட்ற மாதிரி. தகடு போட்டு எறக்கினா சேத்து மேல நிக்கும், அது தண்ணி ஆழம். தகட்டைக் கழட்டிட்டு அதே எடத்துல அழுத்தினா கெட்டித் தரை வரைக்கும் போகும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசந்தான் மெத்து சேறு. அனல்மின் நெலையத்துச் சாம்பல் படிஞ்ச எடத்துல கோல் போறதே வேற மாதிரி இருக்கும்: மேல மாவு மாதிரி நொழையும், கொஞ்சம் கீழ சிமெண்ட் மாதிரி இடிக்கும். அந்த எடத்தைத் தனியா குறிங்க, ஒரு கைப்பிடி எடுத்து பாட்டில்ல போட்டு வைங்க.

ஆத்துக்குக் குறுக்க கயிறு கட்டி 10 மீட்டருக்கு ஒரு முடிச்சு. முடிச்சுக்கு முடிச்சு ஒரு அளவு. இந்த மாதிரி குறுக்கு வரிசை 200 மீட்டருக்கு ஒண்ணு. ஒரு தோணி, மூணு பேர். காலையில 4 வரிசை முடிக்கலாம்.

எல்லாரும் தப்பு பண்ற எடம் ஒண்ணு இருக்கு. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நம்ம கடல்ல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் ஏறக்கொறைய ஒரு மீட்டர் வித்தியாசம். உள்ள உப்பங்கழில அது கொறையும், நேரமும் தள்ளிப் போகும், ஆனா இருக்கும். காலையில ஒரு எடத்துல 1.8 மீட்டர், மதியம் அதே எடத்துல 1.3 வந்தா, அளந்தது மொத்தமும் வீண். அதனால பாலத்துத் தூண்ல ஒரு அளவுப் பலகை கட்டி, தோணி அளக்கற நேரம் பூரா ஒருத்தர் 15 நிமிஷத்துக்கு ஒருக்கா தண்ணி மட்டத்தை எழுதணும். அப்புறம் எல்லா ஆழத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்துடலாம். அந்தப் பலகைய மட்டும் அடுத்த வருஷம் வரைக்கும் யாரும் அசைக்கக் கூடாது.

மழைக்கு முன்ன புரட்டாசியில ஒருக்கா, மழை முடிஞ்சு தைக்கு மேல ஒருக்கா அளங்க. மழ வெள்ளம் எவ்வளவு மண்ணைத் தள்ளிச்சு, தெண்டி (தெக்கேயிருந்து வடக்க ஓடற கடல் நீரோட்டம்) ஓடற மாசங்கள்ல எவ்வளவு மண்ணு வந்து திரும்ப மூடிச்சுன்னு அதுலயே தெரியும். எறங்கறதுக்கு முன்ன ஊர்ப் பஞ்சாயத்துல பாடு (மொறை வெச்சு மீன் பிடிக்கற உரிமை) யாருக்கு எந்த எடம்னு கேட்டுக்கங்க. ஒருத்தர் பாட்டு நாள்ல அவர் எடத்துல கயிறு கட்டினா, அதுக்கப்புறம் அந்த ஊர் உங்க கூட்டத்துக்கு வராது.

சர்வே_எண் எழுதியது:

அனுமதி பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இந்த நீளத்தில் பெரிய சிக்கல் நிர்வாக எல்லை. திருவொற்றியூர், மணலி மண்டலங்கள் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. 2018இல் சென்னை மாவட்ட எல்லையும் அதே அளவுக்கு விரிந்தது. அத்திப்பட்டு, வல்லூர், காட்டுப்பள்ளி ஆகியவை திருவள்ளூர் மாவட்டம், மீஞ்சூர் ஒன்றியம். ஒரே ஆறு, இரண்டு ஆட்சியர்கள். ஒரு கரையில் கொடுத்த மனுவுக்கு "எதிர்க்கரை எங்கள் எல்லை அல்ல" என்று பதில் வந்தால் அது பொய்யும் அல்ல. எனவே ஒரே மனுவை, ஒரே வரைபடத்தோடு, ஒரே நாளில் இரண்டு ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் மற்றதற்கு நகல் அனுப்பியதைக் குறிப்பிடுங்கள். நீர்வளத்துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தனித்தனி நகல்.

ஊராட்சிப் பக்கம் கிராம சபைத் தீர்மானம் வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது. மாநகராட்சிப் பக்கம் கிராம சபை கிடையாது, பகுதி சபைதான். இரண்டிலும் ஒரே வாசகத்தை நிறைவேற்ற முடிந்தால் அதுவே உங்கள் கூட்டமைப்பின் முதல் ஆவணம். "ஆற்றைக் காக்க வேண்டும்" என்று எழுதாமல், புல எண், கரை, இவ்வளவு மீட்டர், இன்ன வேலை என்று எழுதுங்கள். புலப்படமும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டு (நில வகையும் உரிமையும் எழுதிய வருவாய்த்துறைப் பதிவேடு) நகலும் இணைத்தால், அது ஆற்றுப் புறம்போக்கா, கழியா, பட்டா நிலமா என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

பலர் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளை மேற்கோள் காட்டி மனு எழுதுகிறார்கள். அந்த விதிகளிலேயே ஆற்றுப் போக்குகளும், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் (சி.ஆர்.இசட்.) வரும் ஈரநிலங்களும் விலக்கப்பட்டிருக்கின்றன. முகத்துவாரத்துக்கும் ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) ஏறும் பகுதிக்கும் பிடிக்க வேண்டியது சி.ஆர்.இசட். அறிவிக்கையை. அலையாத்திக் காடு அதில் ஒன்று-அ பிரிவு, அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ளது. 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சுற்றிலும் 50 மீட்டர் காப்புப் பட்டையும் உண்டு. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலான கடலோர மண்டலக் குழுவில் பாரம்பரிய கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொல்கிறது. யார் அந்த மூவர் என்று 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள்.

கைக்கோலால் அளப்பதற்கும், குப்பை அள்ளுவதற்கும் தகவல் தெரிவித்தால் போதும். மண்வெட்டி ஆற்றுக்குள் இறங்கினால் விஷயம் வேறு. சொந்தச் செலவில் ஜே.சி.பி. கொண்டுவந்து வாயைத் திறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் தோண்டினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும், மற்றவர்கள் செய்த ஆக்கிரமிப்பு அப்படியே இருக்கும்.

பதிவு இப்போது வேண்டாம். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் எப்போதும் பதியலாம். தொடக்கத்திலேயே பதிந்தால் தலைவர் யார், கையெழுத்து யார் என்பதில் ஆறு மாதம் போய்விடும். மூன்று தரப்பும் தங்கள் தங்கள் அமைப்பின் தீர்மானப் புத்தகத்தில் ஒரே தீர்மானத்தை எழுதிக் கையொப்பமிட்டால் இந்த ஆண்டுக்குப் போதும்.

கண்டல்_வேர் எழுதியது:

ஒரே நாளில் 5,000 கன்று நடுவதை எதிர்த்து எழுதியே ஆக வேண்டும். கன்று செத்துப் போகும் என்பது ஒரு காரணம். நட்ட இடம் கெட்டுப் போகும் என்பது அதைவிடப் பெரிய காரணம். வெறும் சேற்றுத் திட்டு என்று வெளியாள் நினைக்கும் இடம், வற்றத்தில் பெண்கள் கையால் தடவி இறால் பிடிக்கும் இடமாக இருக்கும். உள்ளான்களும் கொக்குகளும் இரை தேடுவதும் அங்கேதான். அங்கே மரம் வளர்ந்தால் அது பாதுகாப்பு ஆகாது.

எங்கே நடலாம் என்பதை ஏற்கெனவே நிற்கும் மரங்களே சொல்லும். 20 மீட்டர் நீள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு (கொத்தனார் மட்டம் பார்ப்பது போலவே), நல்லபடி நிற்கும் வெண்கண்டல் (ஒரு வகை அலையாத்தி) மரத்தின் அடிமட்டத்தையும் நீங்கள் நட நினைக்கும் இடத்தின் மட்டத்தையும் ஒப்பிடுங்கள். 10 செ.மீ.க்குள் வித்தியாசம் என்றால் பரவாயில்லை. அதற்குக் கீழே போனால் கன்று மூழ்கியே கிடந்து மூச்சு வேர் விடுவதற்குள் அழுகும். மேலே போனால் ஓதம் தொடாமல் உப்பு பூக்கும்.

அடுத்து மண்ணின் உப்பு. 30 செ.மீ. குழி எடுத்து, ஊறி வரும் நீரில் ஒரு சொட்டை உப்பு அளக்கும் கைக்கருவியில் விட்டுப் பாருங்கள். கடல் நீர் ஏறத்தாழ 35 (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) காட்டும். வெண்கண்டல் உப்பு தாங்கும் மரம்தான், ஆனாலும் குழிநீர் 50, 60 என்று போனால் இளங்கன்று நிற்காது. அப்படிப்பட்ட இடத்தில் முதலில் தண்ணீர்ப் பாதை வேண்டும். மீன் முள் வடிவத்தில் நடுவே ஒரு வாய்க்கால், அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கிளைகள் என்று வெட்டி, கிளையின் சரிவில், ஓதம் வந்து தொட்டுவிட்டுப் போகும் பாதி உயரத்தில் நடுவது பிச்சாவரத்தில் பயன்பட்ட முறை. ஓதத்துக்கு எதிர்த் திசையில் கிளையைச் சாய்த்துவிட்டால் ஒரே பருவத்தில் சேறு அடைத்துக்கொள்ளும். இதற்கு வனத்துறையும் சி.ஆர்.இசட். அனுமதியும் தேவை, எனவே இது இரண்டாம் ஆண்டு வேலை.

முதல் ஆண்டில் 200 விதைக்கன்று (மரத்திலேயே முளைகட்டி உதிரும் விதை) போதும். மழை தொடங்கும் பருவத்தை ஒட்டி மரத்தடியில் உதிர்வதைப் பொறுக்குங்கள். பச்சை குறைந்து மஞ்சளோடியதாக, ஓட்டை இல்லாததாக இருக்க வேண்டும். ஓர் இரவு கழி நீரிலேயே ஊறப் போட்டால் தோல் தானாகக் கழன்றுவிடும். வேர் முனை கீழே இருக்கும்படி பாதியளவு சேற்றில் அழுத்தினால் போதும், ஆழப் புதைத்தால் அழுகும். ஒரு மீட்டருக்கு ஒன்று. மாதம் ஒரு முறை எண்ணி, செத்ததற்குக் காரணம் எழுதுங்கள்: ஆடு மாடு மேய்ந்ததா, பாலிதீன் சுற்றி மடிந்ததா, கொட்டலசு (ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிரி) ஒட்டி வளைந்ததா, உப்பா. 200இல் 120 நின்றால் இடம் சரி. 20 நின்றால் அங்கே 5,000 நட்டிருந்தாலும் அதே விகிதம்தான்.

வேலிக்குப் பழைய வலை வேண்டாம். நண்டும் பறவையும் சிக்கிச் சாகும். காய் இல்லாத சீமைக் கருவேல முள்கிளையை நட்டுக் கட்டுங்கள்.

ஏரி_மதகு எழுதியது:

கிணற்றில் உப்பு ஏறுவது பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் நுழைந்தது 1960களின் இறுதியிலேயே பதிவான விஷயம். அதிகமாக இறைத்ததுதான் மூல காரணம். கடலோரத்தில் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், அடியிலிருக்கும் உப்பு எல்லை கணக்குப்படி 40 மீட்டர் மேலே வரும். இதனால்தான் "போர் இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும்" என்ற யோசனை இங்கே நேர் எதிராக வேலை செய்கிறது.

வல்லூர் அணைக்கட்டில் தண்ணீர் நின்றால் பக்கத்து நிலத்தில் ஊறும், அது உப்பை எதிர்த்துத் தள்ளும். மேலே தாமரைப்பாக்கம், பூண்டி வரைக்கும் இதே கணக்குதான். உங்கள் 40 பேரில் விவசாயிகள் செய்ய வேண்டியது கிணற்றுப் பதிவு. ஆற்றிலிருந்து 200 மீட்டர், 500 மீட்டர், 1 கிலோமீட்டர் தூரத்தில், மொத்தம் 10 கிணறு. மாதத்தில் ஒரே தேதியில், காலையில் மோட்டார் போடுவதற்கு முன், சுவர் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை நாடாவால் அளந்து, சுவரின் உயரத்தைக் கழித்து எழுதுங்கள். டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு மி.கி.) மேல் தண்ணீரில் ஒன்று, அடித் தண்ணீரில் ஒன்று. அடியில் எடுக்க, கல் கட்டிய பாட்டிலின் மூடியில் இரண்டாவது கயிறு கட்டி ஆழத்தில் இழுத்துத் திறந்தால் போதும். மேலே 900, அடியில் 3,000 என்று வந்தால் உப்பு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மேல் தண்ணீரை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது ஒரு வருஷம் தாமதமாகத்தான் தெரியும். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு.

அந்த 5,000 கன்று ஆசைக்கும் ஒரு வழி இருக்கிறது. கரையில் நடப் பனை விதை கொடுங்கள். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் விதையை ஓரடிக் குழியில், 10 அடிக்கு ஒன்று. அதற்கு முன் கரையிலுள்ள சீமைக் கருவேலத்தை மாசி முதல் வைகாசிக்குள் வேரோடு, தரைக்கு ஓரடி கீழே வரை தோண்டி எடுக்க வேண்டும். தரையோடு வெட்டினால் ஒன்று பத்தாகத் துளிர்க்கும். ஐப்பசி நெருங்கும்போது தோண்டினால் இளகிய கரையை வெள்ளம் அரித்துவிடும். கரையில் எந்த வேலைக்கும் நீர்வளத்துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

புதுநகர்_வடக்கு:

மிக்க நன்றி. கழிக்கரை அண்ணா, ஆழம் அளப்பதைப் புரட்டாசிக்கு வைத்துவிட்டோம். தண்ணீரின் தரம் பார்க்கக் குடியிருப்புப் பக்கத்தில் வேதியியல் படித்த பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன கொடுப்பது? இன்னொன்று: கழியில் பரவியிருக்கும் காக்கா ஆழியை (அயல்நாட்டுச் சிப்பி வகை) எல்லோரும் சேர்ந்து வாரிவிடலாமா?

ஆக்சிஜன்_பாட்டில் எழுதியது:

ஆறு பேருக்கு ஆறு இடம் போதும்: அணைக்கட்டுக்கு மேலே, கீழே, நாப்பாளையம் பாலம், புழல் உபரி சேரும் இடம், பக்கிங்காம் கால்வாய் சேரும் இடம், முகத்துவாரம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே ஓத நிலையில், வற்றத்தின் கடைசியில். அப்போதுதான் ஆற்றிலிருந்து வருவது தெரியும். ஏற்றத்தில் எடுத்தால் கடல் நீரை அளந்துவிட்டு ஆறு நன்றாயிருப்பதாக எழுதுவீர்கள்.

கரைந்த ஆக்சிஜனுக்கு மீட்டர் வாங்கிச் சீர்படுத்தாமல் வைத்திருப்பதைவிட விங்க்ளர் முறை நம்பகமானது. 300 மி.லி. கண்ணாடி மூடி பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே குமிழி இல்லாமல் நிரப்புங்கள். மாங்கனீசு சல்பேட் 1 மி.லி., கார அயோடைடு அசைடு 1 மி.லி., மூடிக் குலுக்குங்கள். பழுப்பாக வீழ்படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே இருந்தால் இல்லை, அந்தப் படத்தை அப்போதே எடுங்கள். படிந்ததும் அடர் கந்தக அமிலம் 1 மி.லி. (கையுறை, கண்ணாடி கட்டாயம்). கரைந்ததும் 201 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால், ஸ்டார்ச் போட்டு நீலம் மறையும் வரை. செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். 4க்குக் கீழே மீனுக்குச் சிரமம், 2க்குக் கீழே செத்து மிதக்கும். விடியலுக்குச் சற்று முன்தான் அளவு மிகக் குறைவாக இருக்கும். மதிய அளவை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

எண்ணெய்ப் படலம் கண்டால் குச்சியால் கிழித்துப் பாருங்கள். தகடு தகடாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புப் பாக்டீரியாவின் படலம். திரும்ப ஒன்றுசேர்ந்தால் பெட்ரோலிய எண்ணெய். மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில்தான் எடுக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் எண்ணெய் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் முன்பே கேட்டு அமிலம் சேர்த்து, ஐஸில் வைத்துக் கொடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது அலையாத்தி மூச்சு வேர்களெல்லாம் பூசப்பட்டன. அப்படி மறுபடி நேர்ந்தால் பூட்ஸ் காலோடு சேற்றில் இறங்காதீர்கள். மேலே இருக்கும் எண்ணெயை மிதித்துச் சேற்றுக்குள் புதைப்பதுதான் நடக்கும், அது வருஷக்கணக்கில் வெளியே கசியும். தோணியிலிருந்து மிதப்புத் தடுப்பு போட்டு, மரத்தை அடையும் முன் மறிப்பதுதான் வழி.

இந்த அளவுகளைத் தேதி, மணி, இடம், படத்தோடு வைத்திருங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் பொதுவான மனுவுக்கு ஆறு மாதம், இழப்பீடும் மறுசீரமைப்பும் கேட்பதற்கு ஐந்து ஆண்டு என்று கெடு இருக்கிறது. தேதி இல்லாத படம் அங்கே எடுபடாது.

கழிக்கரை:

காக்கா ஆழி பத்தி. இது நம்ம ஊர் ஆழி இல்ல, தென் அமெரிக்காவுலேர்ந்து கப்பல் தண்ணியோட வந்தது. நாராலே ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுச் சேத்து மேல கம்பளம் மாதிரி மூடுது. எறா மண்ணுல பொதைய முடியாது, மஞ்ச மட்டியும் நம்ம ஆழியும் மூச்சு முட்டிச் சாவுது. அதனால வாரத்தான் வேணும். ஆனா கோலால கிளறி விட்டா பிஞ்ச துண்டெல்லாம் வத்தத்தோட போய் வேற எடத்துல ஒட்டும். பின்னால வலை கட்டிக்கிட்டு, வத்தத்துல, பாய் சுருட்டற மாதிரி ஓரத்துலேர்ந்து சுருட்டணும். நம்ம ஆழி இருக்கற பாறையத் தொடாதீங்க. எடுத்தத ஓதம் எட்டாத மேட்டுல காயப் போடணும். கோழித் தீவனத்துக்குப் போடலாம்னு சொல்லுவாங்க, சாம்பலும் எண்ணெயும் உறிஞ்ச ஆழிய அப்படிக் குடுக்காதீங்க. இங்க ஓட்டின தோணி, வலையப் பழவேற்காடுக்கு எடுத்துப் போறதுக்கு முன்ன நல்ல தண்ணில கழுவி ரெண்டு நாள் வெயில்ல போட்டே ஆகணும்.

மொதல்ல 10 மீட்டருக்கு 10 மீட்டர் ஒரு துண்டு மட்டும் வாரி, மாசா மாசம் எவ்வளவு திரும்ப மூடுதுன்னு பாருங்க. எந்த எடம்னு காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் பெரியவங்களயும், கையால எறா தடவற பொம்பளைங்களயும் கேட்டு முடிவு பண்ணுங்க. சேறு எங்க இன்னும் உசுரோட இருக்குன்னு அவங்க காலுக்குத்தான் தெரியும்.